ஹாங்காங்கில் ஒரு ராத்திரி கூடாரத்தில்: எங்கே போகலாம், எப்படித் திரும்பலாம்

"அக்கா, கூடாரம் போட நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள்" என்று லன்டாவ் தீவின் துங் சுங்கில் எங்கள் குடியிருப்பில் யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எந்த மாதம் போகிறீர்கள்? எதில் திரும்பி வரப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் இடம் தானாக அமைந்துவிடும். அழகான படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்தவர்கள்தான் நடு ராத்திரியில் டென்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சட்டம். ஹாங்காங் நிலப்பரப்பில் சுமார் 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட கன்ட்ரி பார்க், அதாவது இயற்கைப் பூங்கா. அதற்கான சட்டம் 1976இல் வந்தது. இந்தப் பார்க்குகளுக்குள் கண்ட இடத்தில் டென்ட் போடக்கூடாது. அரசின் வேளாண்மை, மீன்வள, பாதுகாப்புத் துறை 40க்கும் மேற்பட்ட முகாம் இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது, அங்கே மட்டும்தான் போடலாம். பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை, முதலில் வந்தவருக்கு இடம். சில இடங்களில் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் வாரத்தில் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு மூட்டுவதும் அப்படித்தான். அதற்கென்று கட்டி வைத்த அடுப்பு மேடைகளில் மட்டும். முன்னோரை வணங்கும் சிங் மிங், சுங் யூங் நாட்களில் குடும்பம் குடும்பமாக மலைக்கல்லறைகளுக்குப் போய் ஊதுபத்தி ஏற்றுவார்கள். காய்ந்த புல் பற்றிக்கொள்வது அந்த நாட்களில் அடிக்கடி நடக்கும். அந்த இரண்டு விடுமுறைகளிலும் நாங்கள் மலைப்பக்கம் டென்ட் போடுவதில்லை.

இனி மாதம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் அடிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக்கு அது வங்கக்கடலைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது. ஹாங்காங்குக்குச் சீனப் பெருநிலத்தின் மேலிருந்து காய்ந்த காற்றாக வருகிறது. அதனால் நமக்கு மழைக்காலமான நவம்பரும் டிசம்பரும் இங்கே வானம் பளிச்சென்று இருக்கும் மாதங்கள். அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கூடாரக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் இடியும் புயலும். 2023 செப்டம்பர் 7ஆம் தேதி ராத்திரி பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் மட்டும் 158.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1884இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்ததே இல்லை. அந்த மழையை எங்கள் பதினெட்டாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தபோதே கை நடுங்கியது. கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக் கூடாரம் வேண்டவே வேண்டாம்.

ஆனால் காய்ந்த காற்று என்றால் மெல்லிய காற்று என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலப் பருவக்காற்று கிழக்கு பார்த்த கடற்கரைகளில் முகத்தில் அறையும். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் வானிலை ஆய்வகம் பருவக்காற்று எச்சரிக்கை கொடுக்கும். அவர்களுடைய செயலியில் ஒன்பது நாள் முன்னறிவிப்பு இருக்கிறது. அதில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றின் திசையும், எண்ணில் விசையும் போட்டிருக்கும் (எண் ஏற ஏறக் காற்று பலம்). எல்லோரும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நான் அந்தக் காற்று வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

முதல் தடவை போகிறவர்களுக்கு: புய் ஓ

லன்டாவ் தீவின் தெற்குக் கரையில் இருக்கிறது. பின்பக்கம் 869 மீட்டர் உயரத்துக்குச் சன்செட் பீக் எழுந்து நிற்பதால் வடக்கிலிருந்து வரும் காற்று இங்கே வேகம் குறைந்துதான் இறங்கும். துங் சுங்கிலிருந்து 3எம் பேருந்து. நகரத்திலிருந்து வருகிறவர்கள் சென்ட்ரல் 6ஆம் எண் துறையில் படகு ஏறி முய் வோவில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடை. கழிப்பறை உண்டு, குளிக்க இடம் உண்டு, அடுப்பு மேடை உண்டு. ஏதாவது மறந்து வந்துவிட்டால் கிராமத்தில் கடை இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பேருந்து ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். முதல் கூடாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் அம்மா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தபோது புய் ஓவுக்குத்தான் கூட்டிப்போனோம். "வீடு வாசல் இருக்கும்போது எதுக்குடி மணல்ல போய்ப் படுக்கணும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். விடியற்காலையில் எழுந்து வெளியே போனவரைக் காணவில்லை. தேடிப்போனால், டென்டுகளுக்குப் பின்னால் சதுப்பு நிலத்தில் நான்கு எருமைகள் மேய்ந்துகொண்டிருக்க, பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இங்கே நெல் வயல்களில் ஏர் இழுத்த எருமைகளின் வம்சம் அவை. விவசாயம் நின்றுபோனதும் அவிழ்த்துவிட்டார்கள், இப்போது காட்டு எருமைகளாகத் திரிகின்றன. "இதுங்களுக்கு மூக்கணாங்கயிறே இல்லையே" என்றார் அம்மா. அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் போனால் தூரத்திலிருந்து பாருங்கள், தீனி கொடுக்காதீர்கள். சாப்பாட்டுப் பையை டென்டுக்கு வெளியே வைக்காதீர்கள்.

புய் ஓவில் கூட்டம் அதிகமாக இருந்தால், முய் வோவுக்கும் அதற்கும் நடுவில் சாலையோரமாகவே 'நாம் ஷான்' என்ற முகாம் இருக்கிறது. கடல் கிடையாது, மரத்தடி. காலையில் அங்கிருந்தே சன்செட் பீக்குக்கு ஏறலாம், நவம்பரில் உச்சி முழுக்க நாணல் பூத்து வெள்ளையாக இருக்கும். மேலே பழைய கல்வீடுகள் தெரியும். பலர் அவற்றைச் சுற்றி டென்ட் போட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அது முகாம் இடம் இல்லை.

சாய் குங்: அழகும் சிரமமும்

ஹாங்காங்கின் மிகச் சிறந்த கூடார இடங்கள் எல்லாம் சாய் குங் கிழக்குப் பகுதியில்தான். நகரத்திலிருந்து முதலில் சாய் குங் ஊருக்கு வர வேண்டும். டயமண்ட் ஹில்லிலிருந்து 92 பேருந்து, சோய் ஹங்கிலிருந்து 1ஏ மினிபஸ். தண்ணீர், ரொட்டி, பழம் எல்லாவற்றையும் இந்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கப்புறம் கடையை நம்ப முடியாது.

லாங் கே என்பது வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீருமான சின்ன வளைகுடா. சொந்தக் காரில் பாக் டாம் சுங் தடுப்பைத் தாண்ட விடமாட்டார்கள். டாக்சி போகலாம். ஞாயிறு, பொது விடுமுறைகளில் பாக் டாம் சுங்கிலிருந்து 9ஏ மினிபஸ் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணை வரை போகும். 1978இல் கட்டி முடித்த அந்த அணையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் குளிர்ந்து விரிசல் விட்டு உண்டான அறுகோணத் தூண்கள், செதுக்கி அடுக்கியதுபோல் நிற்கின்றன. யுனெஸ்கோ புவிப்பூங்காவில் அவையும் சேர்த்தி. அணையிலிருந்து லாங் கே அரை மணி நேர நடை, படிகள் உண்டு. அங்கே முகாம் இடமும் கழிப்பறையும் இருக்கின்றன. கடை இல்லை. ஓடைத் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். டிசம்பரில் வற்றிப்போய்விடும், தண்ணீர் இருந்தாலும் மேலே மாடுகள் மேய்கின்றன. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்துதான் ஆக வேண்டும்.

திரும்புவதுதான் லாங் கேயில் கஷ்டம். அணைக்கு டாக்சி கொண்டுபோய் விடும், ஆனால் மறுநாள் காத்திருந்து ஏற்றிக்கொள்ளாது. நாங்கள் ஒரு சனிக்கிழமை போய் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அணைக்கு வந்தபோது, எங்களுக்கு முன்னால் மினிபஸ்ஸுக்கு நூறு பேராவது நின்றிருப்பார்கள். சின்னவன் அப்போது முதல் வகுப்பு. வெயிலில் அவனை நிற்க வைத்து வைத்து ஏற்றினோம். அதிலிருந்து லாங் கே என்றால் காலை எட்டரைக்கே டென்டைச் சுருட்டி, பத்து மணிக்குள் அணைக்கு வந்துவிடுகிறோம். வார நாளில் போனால் 9ஏ கிடைக்காது, பாக் டாம் சுங் வரை பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

தை லாங் வான் என்றால் பெரிய அலை வளைகுடா. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சாய் வான், ஹாம் டின், தை வான், துங் வான் என்று நான்கு கடற்கரைகள் வரிசையாக, எல்லாம் கிழக்கு பார்த்தவை. சாய் குங் ஊரிலிருந்து 29ஆர் மினிபஸ் சாய் வான் மண்டபம் வரை கொண்டுவிடும். அங்கிருந்து முக்கால் மணி, பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இறக்கம். சிமென்ட் பாதைதான், சிரமம் இல்லை.

அங்கேதான் எங்களுக்கு அந்த ராத்திரி வாய்த்தது. டிசம்பர் மாதம், முன்னறிவிப்பில் வெப்பநிலை 16 டிகிரி என்று பார்த்துவிட்டு சந்தோஷமாகக் கிளம்பினோம். காற்று வரியைப் பார்க்கவில்லை. கடல் தெரிய வேண்டும் என்று முன்வரிசையில், டென்டோடு வந்த சின்ன முளைகளை மணலில் குத்தி நிறுத்தினோம். பதினோரு மணிக்குக் காற்று ஏறியது. முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. என் கணவர் ஒரு மூலையையும் நான் ஒரு மூலையையும் பிடித்துக்கொண்டோம், நடுவில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அப்புறம் ஒரு கம்பி மடங்கி முறிந்தது. எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கிராமத்துக் கடைத் திண்ணைக்கு ஓடினோம். கடைக்காரப் பாட்டி விளக்கைப் போட்டு, ஒன்றும் கேட்காமல் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். காலையில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மணலுக்குப் பின்னால் தாழம்புதர் ஓரத்தைக் காட்டினார். நம் ஊர்க் கடற்கரையில் இருக்கும் அதே தாழைதான். இரண்டு ஆள் உயரத்துக்கு அடர்ந்து காற்றைத் தடுத்து நின்றது. அதற்குப் பின்னால் போட்டிருந்தவர்கள் அப்போதுதான் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்களுக்கு மூன்று பழக்கம். காற்று விசை 5 என்று போட்டிருந்தால் கிழக்குக் கடற்கரைக்குப் போவதில்லை. புதரோ மரமோ திட்டோ இல்லாமல் டென்ட் நிறுத்துவதில்லை, வாசலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வைக்கிறோம். மணலில் முளையைக் குத்துவதையே விட்டுவிட்டோம். அதற்குப் பதில் கெட்டியான துணிப்பைகள் ஆறு கொண்டுபோகிறோம். பையில் மணலை நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்து, அந்தக் கயிற்றை டென்டின் கயிற்றோடு இழுத்துக் கட்ட வேண்டும். மணல் மூடி மிதித்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. திரும்பும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து எடுத்துக்கொள்ளலாம்.

சாய் வானிலிருந்து ஒரு மேடு ஏறி இறங்கினால் ஹாம் டின். அங்கே ஓடைக்கு மேலே ஒற்றைப் பலகைப் பாலம் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒருவர் போனால் நல்லது. கரையில் இரண்டு கடைகள், சுடச்சுட நூடுல்ஸ் கிடைக்கும், டென்டும் வாடகைக்குக் கொடுப்பார்கள். எதையும் வாங்காமல் ஒருமுறை அனுபவித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. அக்டோபர் 1 தேசிய நாள் விடுமுறை வாரத்தில் மட்டும் போகாதீர்கள், டென்டுக்கு டென்ட் கயிறு இடிக்கும் அளவுக்குக் கூட்டம் இருக்கும். ஹாம் டின்னிலிருந்து செக் கெங் வழியாக பாக் டாம் ஆவுக்கு நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கே 94 பேருந்து வரும். கடல் அமைதியாக இருந்தால் சாய் வானிலிருந்தும் ஹாம் டின்னிலிருந்தும் சாய் குங்குக்குப் படகு ஓடும். காற்று ஏறினால் படகு நிற்கும். அதனால் படகை நம்பி மூட்டை கட்டாதீர்கள், நடந்து திரும்ப முடிகிற சுமையை மட்டும் எடுத்துப் போங்கள்.

கடலில் குளிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த நான்கு கரையிலும் உயிர்காப்பாளர் கிடையாது. இழுப்பு அதிகம். முழங்காலுக்கு மேல் பிள்ளைகளை விடவே மாட்டேன். சாய் வானுக்குப் பின்னால் நான்கு அடுக்காக விழும் குளங்கள் இருக்கின்றன, கோடையில் பாறையிலிருந்து குதிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். மலையில் மழை பெய்தால் அங்கே தண்ணீர் நொடியில் ஏறும்.

வான் சாய்க்கு வருகிறேன். நகரத்துக்குள் அலுவலகங்கள் இருக்கும் வான் சாய் அல்ல, சாய் குங் வடக்கே ஹோய் ஹாவுக்கு அருகில் இருக்கும் தீபகற்பம். சீன எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் வரைபடத்தில் தேடினால் நகரத்துக்கு வழிகாட்டும். இதேபோல் ங்கோங் பிங் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று லன்டாவில் பெரிய புத்தர் இருக்கும் இடம், இன்னொன்று மா ஒன் ஷான் மலைமேல் புல்வெளி முகாம். நண்பர்களோடு இடம் பேசும்போது பெயரை மட்டும் சொல்லாமல் வரைபடப் புள்ளியை அனுப்பிவிடுங்கள். வான் சாய் ஒரு காலத்தில் மண் எடுப்பதற்காக வெட்டிச் சமமாக்கிய நிலம், அப்புறம் மரம் வைத்தார்கள். அதனால் தரை மட்டமாக இருக்கும், முளை இறங்கும், பிள்ளைகள் ஓடி விளையாடலாம். சாய் குங்கிலிருந்து 7ஆம் எண் மினிபஸ்ஸில் ஹோய் ஹா போய், கடலோரமாக ஒரு மணி நேரம் நடந்தால் வந்துவிடும். புய் ஓவுக்கு அடுத்த படி எது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

டாப் முன் தீவுக்குப் போங்கள், ஆனால் பகலில் போய்விட்டு வந்துவிடுங்கள். வோங் ஷெக் துறையிலிருந்து சின்னப் படகு. புல்வெளி, மாடுகள், கடல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். அதனாலேயே அளவுக்கு மீறி டென்ட் போட்டுப் புல் தேய்ந்து மண் தெரிகிறது. மாடுகள் டென்டுகளுக்கு நடுவே உணவுப் பையைத் தேடி வந்து பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்கின்றன. நம் ஊர்த் தெருவில் போஸ்டரும் பையும் தின்னும் மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஒதுக்கப்பட்ட முகாம் இடமும் அது இல்லை.

குளிர் பிடிக்கும் என்பவர்கள் 957 மீட்டர் உயரமுள்ள தை மோ ஷான் மலைச்சரிவில், ட்விஸ்க் சாலை பக்கம் உள்ள முகாமைப் பாருங்கள். சுன் வானிலிருந்து 51 பேருந்து போகிறது. கீழே இருப்பதைவிட உச்சியில் ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். 2016 ஜனவரி 24 அன்று நகரத்திலேயே 3.1 டிகிரி. அந்த மலை உச்சியில் உறைபனி, வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வழுக்கி இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

சாமான்களைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. மோங் கோக்கில் மலையேற்றக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேஸ் குப்பியை அங்கேயே வாங்குங்கள், விமானத்தில் கொண்டுவர முடியாது. காசு குறைவாக இருந்தால் ஸ்லீப்பிங் பேக்கில் மிச்சம் பிடியுங்கள், கீழே விரிக்கும் பாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, பிள்ளைக்கும்.

சாப்பாட்டில்தான் நமக்கு வசதி. ராத்திரிக்குப் புளியோதரை, கெட்டுப்போகாது, கையால் எடுத்துச் சாப்பிடலாம். காலைக்கு ரவை உப்புமா. வீட்டிலேயே கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து ரவையை வறுத்து உப்பும் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொள்வேன். அங்கே தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளற வேண்டியதுதான். ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் சாப்பிட்டுவிடலாம், கேஸும் மிச்சம். கறிவேப்பிலைக்கும் ரவைக்கும் சிம் ஷா சுய்யில் நம்மவர் கடைகள் இருக்கின்றன. பிரியாணி, கறி வேண்டாம். வாசனைக்குக் காட்டுப்பன்றி வரும். பன்றிக்குத் தெரிந்தே தீனி போட்டால் 2024 ஆகஸ்ட் முதல் அங்கேயே 5,000 ஹாங்காங் டாலர் அபராதம்.

பாம்பு உண்டு. பச்சை மூங்கில் விரியன் ராத்திரியில் பாதையோரச் செடிகளில் இருக்கும். கழிப்பறைக்குப் போகும்போது டார்ச் இல்லாமல் போகக்கூடாது, இலைக்குள் கைவிடக்கூடாது, காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போட வேண்டும். அவ்வளவு கவனம் போதும், இத்தனை வருடத்தில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் அது தன் வழியே போய்விட்டது.

யாருக்காவது அடிபட்டால் 999. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். 100 கிலோமீட்டர் நீளமுள்ள மெக்லஹோஸ் பாதையில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண் போட்ட கம்பம் நிற்கிறது. லாங் கேயும் தை லாங் வானும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. நடக்கும்போது கம்பம் வந்தால் எண்ணைச் சத்தமாகப் படிப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வேலை. விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது, கடைசி எண் யாருக்காவது நினைவில் இருக்கும்.

புயல் எச்சரிக்கை 1 ஏற்றினாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 3 வந்தால் சின்னப் படகுகள் நின்றுவிடலாம், 8 வந்தால் பேருந்தும் நிற்கும். கடற்கரையில் இருக்கும்போது 8 ஏறினால் போக வழியே இருக்காது.

குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள். மலைப்பாதைகளில் இருந்த தொட்டிகளை 2017இல் எடுத்துவிட்டார்கள், அவரவர் குப்பையை அவரவர் சுமக்க வேண்டும். நாங்கள் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோவோம், ஈரக் குப்பை அதில் போகும், நாற்றம் வராது. டென்டை எடுத்ததும் மூத்தவள் அந்த இடத்தில் ஒரு சுற்று வந்து கயிற்றுத் துண்டு, பிஸ்கட் உறை என்று பொறுக்குவாள்.

வீட்டுக்கு வந்த களைப்பில் டென்டை மூலையில் போட்டுவிடாதீர்கள். இங்கே இருக்கும் ஈரப்பதத்துக்கு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும், உப்புக் காற்று ஜிப்பைத் தின்றுவிடும். அன்றைக்கே குளியலறையில் நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஜிப் பற்களைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, ஷவர் கம்பியில் விரித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு ராத்திரி யாராவது குளிக்க வேண்டும் என்றால் டென்டை ஒதுக்கிவிட்டுத்தான் குளிக்க வேண்டும்.